பார்வையாளரும் ஒரு பங்கு மூலதனமே



சங்கத்தின் பெயரால் ஒரு சமூக ஊடகப் பக்கத்தைத் திறப்பது கால் மணி நேரத்து வேலை. அப்பக்கத்தை நாடிப் பார்வையாளர் வந்து சேரும்படி செய்வதோ ஆண்டுக்கணக்கில் நடைபெற வேண்டிய வேலை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணராமையால், நம் பகுதியில் பல சங்கங்களின் பக்கங்கள் திறப்பு விழாப் படம் ஒன்றோடும் பொங்கல் வாழ்த்து ஒன்றோடும் நின்றுவிட்டன. ஆய்வுக்குச் செல்லுமிடங்களில், "எங்களுக்கும் பக்கம் இருக்கிறது, பார்ப்பவர்தாம் இல்லை" என்று செயலாளர்கள் கூறக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவரை எவ்வாறு சேர்ப்பது, சேர்த்தபின் எவ்வாறு காப்பது என்பவற்றை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

இஃது ஏன் நம் கவலையாக வேண்டும்?

2009-10ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட மூன்றாவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதிலும் கைத்தறியிலும் அதன் துணைத் தொழில்களிலும் ஈடுபட்டிருந்தோர் 43.31 இலட்சம் பேர். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது கணக்கெடுப்பில் அத்தொகை 35.22 இலட்சமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் எட்டு இலட்சம் பேர் இத்தொழிலை விட்டு நீங்கியிருக்கின்றனர். அவர்கள் அனைவரும் நெசவை வெறுத்து விலகினர் என்று கொள்ளலாகாது. நெய்த துணி பண்டகசாலையில் தேங்கினால் சங்கத்தின் பணம் துணியாகவே முடங்கும். பணம் முடங்கினால் அடுத்த பாவுக்கு நூல் தாமதமாகும். நூல் தாமதமானால் தறி நிற்கும். தறி நின்ற வீட்டுப் பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பேருந்து ஏறும். இச்சங்கிலியின் முதற் கண்ணி, வாங்குவோர் நம் பொருளை அறியாமல் இருப்பதே.

நம் பொருள்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. பவானி ஜமக்காளம், கோவை கோரா காட்டன், நெகமம் காட்டன் சேலை, ஈரோடு மஞ்சள் ஆகிய நான்கும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால், விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு பவானி ஜமக்காளம் என்னும் பெயரோடு விற்கப்படுகிறது என்பது பவானி நெசவாளரின் நெடுநாள் முறையீடு. குறியீடு நமக்குச் சட்ட உரிமையைத் தருகிறது. எது உண்மைப் பொருள் என்பதை வாங்குவோர் கண்ணுக்குக் காட்டும் வேலையை நாமே செய்தாக வேண்டும். அவ்வேலைக்கு வாய்த்த மலிவான கருவி, இன்று ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைப்பேசி.

தாளவாடியின் முட்டைக்கோசு

நம் பகுதியிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் நாடெங்கும் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. ஈரோடு மாவட்டத்தின் தாளவாடி மலைப்பகுதியில் உழவர் ஒருவர் முட்டைக்கோசு பயிரிட்டிருந்தார். விளைச்சல் ஏறத்தாழ நூறு டன். வியாபாரி வரவில்லை, வந்தவரும் கட்டுபடியாகும் விலை கேட்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் தம் வயலில் நின்றபடியே, விளைந்து கிடக்கும் கோசைக் காட்டி, தம் நிலைமையைச் சொல்லி, ஒரு சிறு காணொலியை டுவிட்டர் தளத்தில் வெளியிட்டார். எக்ஸ் என்று இன்று வழங்குவது அத்தளமே. அக்காணொலி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறி, சில நாட்களிலேயே வாங்குவோரைக் கொண்டுவந்து சேர்த்தது. பெங்களூரைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் வாங்கி மக்களுக்கு வழங்கினார்.

இச்செய்தியைக் கேட்ட பலர், "ஒரு காணொலி போட்டால் போதும், சரக்கு விற்றுவிடும்" என்னும் முடிவுக்கு வந்தனர். அது பிழையான முடிவு. அதே மாதத்தில் காய்கறி அழுகிய வயல்களைக் காட்டிய காணொலிகள் நாட்டில் எண்ணற்றவை. அவற்றுட் பெரும்பாலானவை யார் கண்ணிலும் படவில்லை. தாளவாடி உழவரோ உழவர் இயக்கப் பணியில் பல்லாண்டு ஈடுபட்டவர். அவர் சொல்வதைக் கேட்கவும் அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லவும் ஒரு வட்டம் முன்னரே இருந்தது. நெருக்கடி வந்த நாளில் அவ்வட்டத்தை அவர் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

இதுவே நம் பாடத்தின் மையக் கருத்து. பார்வையாளர் கூட்டம் என்பது சங்கத்தின் பங்கு மூலதனத்தைப் போன்றது. சிறு சிறு தொகையாக, தவறாமல், பலரிடமிருந்தும் சேர வேண்டும். தேவை வந்த நாளில் சேர்க்கத் தொடங்கினால் சேராது. பங்கு மூலதனத்திற்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் உண்டு. பங்கைத் திரும்பப் பெற அங்கத்தினர் மனுக் கொடுக்க வேண்டும். பார்வையாளரோ விரல் நுனியால் ஒரு நொடியில் விலகிவிடுவார். ஆதலின், இம்மூலதனத்தைக் காக்க இன்னும் கூடுதலான ஒழுங்கு தேவை.

வானொலி கற்றுத் தந்த முறை

கேட்போரைச் சேர்த்தல் என்பது நம் நாட்டு உழவுத் துறைக்குப் புதியதன்று. 1956ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் துணையோடு, புனே வட்டாரத்தில் ஏறத்தாழ 150 ஊர்களில் வானொலிக் கிராம மன்றங்களை அமைத்தது. ஊர் மக்கள் குழுவாகக் கூடிக் கேட்பர். கேட்டதைப் பற்றிக் கலந்து பேசுவர். தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்புவர். அவற்றிற்கு வானொலி விடை கூறும். கேள், கலந்து பேசு, செயற்படு என்பதே அம்மன்றங்களின் நெறி.

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் வகை தஞ்சைப் பகுதியில் பரவியது. அதன் சாகுபடி முறையைத் திருச்சி வானொலியின் வழியே உழவர்கள் அறிந்தமையால், அந்நெல்லுக்கு மக்கள் இட்ட பெயர் "ரேடியோ நெல்." ஒரு நெல் வகைக்கு ஊடகத்தின் பெயரையே மக்கள் சூட்டினர் என்றால், அவ்வூடகத்தின்மீது அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வானொலி அந்நம்பிக்கையை மூன்று வழிகளால் ஈட்டியது. குறித்த நேரத்தில் தவறாமல் பேசியது. கேட்போரின் தொழிலுக்குப் பயன்படுவதையே பேசியது. கேட்ட கேள்விக்கு விடை கூறியது. கருவி மாறினாலும் இம்மூன்றும் மாறவில்லை. காலம் தவறாமை, பயனுடைமை, மறுமொழி ஆகிய இம்மூன்றையும் அடிப்படையாகக் கொண்டே இனிவரும் பகுதிகளைக் காண்போம்.

கணிப்பொறியின் மாதிரிச் சோதனை

வானொலி பேசினால் அதைத் திருப்பி வைத்த அனைவருக்கும் கேட்கும். சமூக ஊடகம் அவ்வாறன்று. நம் பக்கத்தில் இடும் ஒரு படமோ காணொலியோ நம்மைப் பின்தொடர்வோர் அனைவருக்கும் காட்டப்படுவதில்லை. யாருக்குக் காட்டுவது என்பதை அந்நிறுவனத்தின் கணிப்பொறி முடிவு செய்கிறது. இதை அறியாமல் உழைப்பது வீண்.

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தைக் கண்டவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மூட்டை முழுவதையும் பிரித்துப் பார்த்து எவரும் விலை கூறுவதில்லை. மாதிரியாக எடுத்து வைத்த விரலியையும் கிழங்கையும் கையில் எடுத்துப் பார்த்து, ஒடித்துப் பார்த்து, அதைக் கொண்டே முழுச் சரக்குக்கும் விலை குறிக்கின்றனர். கணிப்பொறியும் அவ்வாறே செய்கிறது. நாம் இட்டதை முதலில் சிலருக்கு மட்டும் காட்டுகிறது. அவர்கள் இறுதிவரை பார்த்தனரா, இடையில் தள்ளிவிட்டனரா, பிறருக்கு அனுப்பினரா, கருத்து எழுதினரா என்பவற்றை அளக்கிறது. அம்மாதிரியினர் விரும்பினால் மேலும் பலருக்குக் காட்டுகிறது; இல்லையேல் அங்கேயே நிறுத்திவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும்.

முதலாவது: தொடக்கத்தில் நம்மைப் பின்தொடர்வோர் உண்மையான ஈடுபாடு உடையவராக இருத்தல் வேண்டும். பணம் கொடுத்தால் ஒரே இரவில் பத்தாயிரம் பேரைப் பின்தொடரச் செய்கிறோம் என்று கூறும் தரகர்கள் உள்ளனர். அவ்வாறு வருவோர் போலிப் பெயர்கள். அவர்கள் நம் கோரா சேலையைப் பார்க்கப் போவதில்லை. கணிப்பொறி அவர்களை மாதிரியாக எடுத்துச் சோதிக்கும்போது, "இப்பக்கத்தை அதன் அன்பர்களே விரும்பவில்லை" என்று முடிவு செய்து, உண்மையாக விரும்பக்கூடியவருக்கும் காட்டாமல் விட்டுவிடும். மஞ்சளில் மண்ணைக் கலந்தால் எடை கூடுகிறது, விலை வீழ்கிறது. சங்கப் பணத்தை இதற்குச் செலவிடுதல் தணிக்கையில் ஏற்கத்தக்கதும் அன்று.

இரண்டாவது: காணொலியின் தொடக்க நொடிகளிலேயே பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தலைவர், துணைத் தலைவர், இயக்குநர்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியலோடு தொடங்கினால், பார்ப்பவர் பட்டியல் முடியுமுன்னரே அடுத்ததற்குப் போய்விடுவார். தறியில் நாடா ஓடும் காட்சியோடும் ஒலியோடும் தொடங்கினால் அவர் நிற்பார்.

முதற் பார்வையாளர் எங்கே இருக்கின்றனர்?

தொலைவில் தேட வேண்டியதில்லை. 300 அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் துணியையோ விளைபொருளையோ முன்பு வாங்கி மகிழ்ந்த ஐந்து குடும்பங்களுக்குப் பக்கத்தை அறிமுகம் செய்தால் 1,500 குடும்பங்கள் ஆகும். இவர்கள் பொருளைத் தொட்டு அறிந்தவர்கள். மாதிரிச் சோதனையில் நம்மைக் கைவிடமாட்டார்கள். அடுத்து, விற்பனை நிலையத்தில் பட்டியல் போடும் மேசையின்மேல் பக்கத்தின் பெயரையும் குறியீட்டுக் கட்டத்தையும் அச்சிட்டு வைத்தல் வேண்டும். துணிப்பையிலும் அதை அச்சிடலாம். சந்தையிலும் கண்காட்சியிலும் வாங்குவோரிடம், "இது நெய்யப்படுவதைப் பார்க்க விரும்பினால் இங்கே பாருங்கள்" என்று ஒரு சொல் சொல்லலாம். ஒரு முறை வாங்கியவரை மறுமுறை வரவழைப்பது, அறியாதவரை முதன்முறை அழைப்பதினும் எளிது.

எதைக் காட்டுவது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்னவீரமங்கலம் என்பது ஒரு சிற்றூர். அங்கே சமையற் தொழில் தெரிந்த முதியவர் ஒருவரும் அவருடைய பேரன்மாரும் சேர்ந்து, 2018ஆம் ஆண்டில் "வில்லேஜ் குக்கிங் சேனல்" என்னும் யூடியூப் அலைவரிசையைத் தொடங்கினர். ஆண்டில் ஒரு பகுதிக்கே வயல் வேலை கிடைக்கும் ஊர். எஞ்சிய மாதங்களில் என்ன செய்வது என்னும் எண்ணமே தொடக்கம். அரங்கம் இல்லை; ஒப்பனை இல்லை. வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அம்மியில் மசாலை அரைத்து, பெருஞ்சட்டியில் சமைத்து, சமைத்ததை முதியோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் பரிமாறுவதுவரை காட்டினர். 2021ஆம் ஆண்டு ஜூலையில் அவர்களுடைய சந்தாதாரர் தொகை ஒரு கோடியைத் தொட்டது. தமிழ் அலைவரிசைகளுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. அவ்வேளையில் அவர்கள் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கினர்.

ஒரு கோடி என்னும் எண் நமக்குத் தேவையில்லை. அவர்கள் காட்டிய முறையே தேவை. அவர்கள் "எங்கள் உணவு சுவையானது, வாங்குங்கள்" என்று கூவவில்லை. வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டினர். தொழில் தெரிந்த கை வேலை செய்வதைப் பார்ப்பதில் மனிதனுக்கு இயல்பாகவே ஓர் இன்பம் உண்டு. அத்தகைய கைகள் நம் சங்கத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் இதையே வேறு வகையில் செய்து காட்டியது. 1935ஆம் ஆண்டு தோன்றிய அந்நிறுவனத்திற்கு, 2012 முதல் 2014 வரை திரு. உ. சகாயம் நிர்வாக இயக்குநராக இருந்தார். அக்காலத்தில், பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் பெயரும் படமும், நெய்ய ஆன நாட்கள் முதலிய விவரங்களும் கொண்ட அட்டை ஒன்று வைக்கப்பட்டது. சேலை வாங்கியவர் நெய்தவர் முகத்தையும் கண்டார். விலை ஏன் இவ்வளவு என்னும் கேள்விக்கு அவ்வட்டையே விடையாயிற்று.

நம் பக்கத்திற்கு ஓராண்டுக்குரிய செய்திகள் நம் தொழிலிலேயே அடங்கியுள்ளன. நெசவாளர் சங்கமாயின், சிட்டம் நூல் வந்திறங்குதல், சாயம் ஏற்றுதல், தார் சுற்றுதல், தெருவில் பாவு நீட்டுதல், பாவு பிணைத்தல், கரையும் முந்தியும் நெய்தல், மடித்துக் கட்டுதல் என ஒவ்வொன்றும் ஒரு தனிக் காட்சி. மழை நாளில் தெருவில் பாவு நீட்ட முடியாமல் போவதுகூட ஒரு செய்தியே. அடுத்த வாரம் சேலை தாமதமானால் வாங்குவோர் பொறுத்துக்கொள்வார். மஞ்சள் விளைவிப்போர் சங்கமாயின், விதைக் கிழங்கு தேர்தல், நடவு, மண் அணைத்தல், தை மாசியில் வெட்டு, வேகவைத்தல், களத்தில் உலர்த்தல், மெருகேற்றல், மாதிரி எடுத்தல் என்று வயல் தானே நாள்காட்டியை வகுத்துத் தருகிறது.

இவற்றை வாரம் இரண்டாகக் காட்டினால் போதும். ஒரே நாளில் பத்துப் படம் இட்டுவிட்டு இரண்டு மாதம் உறங்குவதினும், வாரந்தோறும் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் ஒன்று இடுவதே சிறந்தது. ஆகஸ்டு 7-ஐத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். 1905ஆம் ஆண்டு அதே நாளில் சுதேசி இயக்கம் தொடங்கியதன் நினைவாக 2015இல் சென்னையில் அது முதன்முறை கொண்டாடப்பட்டது. அத்தகைய நாட்களில் மக்களின் கவனம் கைத்தறியின்மேல் திரும்பும். அன்று புதிதாய் வருவோர்க்குக் காட்ட நம் பக்கத்தில் முந்தைய மாதங்களின் வேலை நிரம்பியிருத்தல் வேண்டும்.

எந்த மொழியில்?

கோயம்புத்தூரிலிருந்து இயங்கும் "நக்கலைட்ஸ்" என்னும் யூடியூப் குழுவினர் கொங்கு வட்டாரப் பேச்சிலேயே நகைச்சுவைக் காட்சிகளை அமைத்துத் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றனர். வட்டாரப் பேச்சு பிறருக்கு விளங்காது என்னும் அச்சம் தேவையற்றது என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். நம் நெசவாளி அம்மாள் தறியின் முன் அமர்ந்து, "ஏனுங்க, இந்தக் கரைக்கு மட்டும் ஒரு நாளு ஆகுமுங்க" என்று தம் வாயால் சொல்வதற்கு ஈடான விளம்பரத்தை எந்த விளம்பர நிறுவனமும் எழுதித் தராது. அவர் பேச்சைத் திருத்த வேண்டா. வெளிமாநிலத்தார்க்கு விளங்கும்பொருட்டுக் கீழே ஆங்கிலத்தில் சில வரி சேர்த்தல் போதும்.

ஒன்று நினைவிற் கொள்க. அங்கத்தினர் ஒருவரின் முகத்தையோ வீட்டையோ அவர் இசைவின்றிக் காட்டுதல் கூடாது. இசைவை எழுத்தில் பெற்றுக் கோப்பில் வைத்தல் நன்று. வறுமையைக் காட்டி இரக்கத்தைத் தேடுதலும் தகாது. இரக்கத்தால் வாங்குவோர் ஒருமுறை வாங்குவர். வேலையின் தகுதியை உணர்ந்து வாங்குவோர் மறுமுறையும் வருவர்.

கேட்ட கேள்விக்கு விடை

"விலை என்ன?" என்று ஒருவர் கேட்டு மூன்று நாள் விடையில்லை என்றால், அவர் போய்விடுவார், அவர் கேட்டு விடை பெறாததைக் கண்ட பிறரும் போய்விடுவர். விலையை மறைத்து "தனியே தொடர்பு கொள்க" என்று எழுதும் பழக்கம் வியாபாரிகளிடம் உண்டு. நமக்கு அது வேண்டா. நம் விலை நிர்வாகக் குழுவின் தீர்மானப்படி அமைந்தது. அதை மறைக்கக் காரணம் இல்லை. சேலையின் நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, சாயம் எத்தகையது, எவ்வாறு துவைப்பது, அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்னும் ஐந்தையும் படத்தின் கீழேயே எழுதிவிடின், கேள்விகளிற் பாதி குறையும்.

குறை கூறி எழுதுவோர்க்கும் விடை கூறுதல் வேண்டும். சாயம் இறங்கிற்று என்று ஒருவர் எழுதினால் அதை அழித்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. விசாரித்து, நம் தவறாயின் மாற்றிக் கொடுத்து, கொடுத்ததையும் அங்கேயே எழுதினால், அக்குறையே நமக்கு நற்சான்றாகும். பொய் கூறலோ எவ்வகையிலும் கூடாது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்றோ, பிற இடத்து மஞ்சளை ஈரோடு மஞ்சள் என்றோ ஒருமுறை காட்டி அது வெளிப்பட்டால், ஐந்தாண்டுகளில் சேர்த்த மூலதனம் ஐந்து நாளில் கரையும். 2006இல் வந்த கைத்தறி முத்திரையைப் பெற்ற சங்கங்கள் அதைப் படத்தில் தெளிவாகக் காட்டுதல் நன்று.

பக்கம் யாருடையது?

ஒரு சங்கத்தில் ஆய்வின்போது கண்டது இது. தற்காலிக ஊழியர் ஒருவர் ஆர்வத்தோடு பக்கம் திறந்து, மூன்று ஆண்டுகள் நன்றாக நடத்தினார். பக்கம் அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருந்தது. அவர் வேறு வேலைக்குச் சென்றார், எண்ணையும் மாற்றினார், கடவுச்சொல் எவர்க்கும் தெரியவில்லை. அவர்மீது குற்றம் கூற இடமில்லை. இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் இயற்றும் குழு, இச்சாவியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பின்தொடர்வோர் இன்றும் அங்கேயே இருக்கின்றனர். அவர்களோடு பேசச் சங்கத்திற்கு வழியில்லை.

ஆதலின், கீழ்க்கண்டவற்றை நிர்வாகக் குழுத் தீர்மானமாகவே இயற்றுதல் வேண்டும். பக்கம் சங்கத்தின் பெயரிலுள்ள கைப்பேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும் பதிவாதல் வேண்டும். குறைந்தது இருவர் பொறுப்பாளராக இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லை மூடிய உறையில் இட்டுச் சங்கப் பெட்டியில் வைத்தல் வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது மற்றப் பதிவேடுகளைப் போலவே இதையும் ஒப்படைத்துக் கையொப்பம் பெறுதல் வேண்டும். தேர்தற் காலத்தில் எந்த அணிக்கும் இப்பக்கத்தைப் பயன்படுத்தலாகாது.

மற்றொரு காப்பும் தேவை. 2020ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று மைய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் மட்டுமே பார்வையாளரைச் சேர்த்து வைத்திருந்தோர், மறுநாள் எழுந்தபோது ஒருவரும் இல்லாதவராயினர். எத்தளமும் நம் நிலம் அன்று, குத்தகை நிலமே. ஆதலின், நம்மிடம் வாங்கியோரின் பெயர், ஊர், வாட்ஸ்அப் எண் ஆகியவற்றை அவர்கள் இசைவோடு ஒரு பதிவேட்டில் எழுதி வருதல் வேண்டும். தளம் போனாலும் அப்பதிவேடு நம்மோடு இருக்கும்.

கணக்கு எழுதும் முறை

பின்தொடர்வோர் எண்ணிக்கை ஒன்றையே நிர்வாகக் குழுவின் முன் வைத்து மகிழ்தல் போதாது. எண்ணிப் பாருங்கள்: ஒரு பக்கத்தில் 20,000 பேர்; மாதத்தில் விற்றது நான்கு சேலை. மற்றொன்றில் 800 பேர். விற்றது இருபது சேலை. எது வளர்ந்த பக்கம்? ஆதலின், மாதந்தோறும் நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக் குழுவின் முன் வைக்கப் பரிந்துரைக்கிறேன். வந்த கேள்விகள் எத்தனை. ஒரு நாளுக்குள் விடை கூறியவை எத்தனை. பக்கத்தின் வழியே வந்த விற்பனை எவ்வளவு. அவற்றுள் இரண்டாம் முறை வாங்கியோர் எத்தனை பேர்? நான்காம் எண்ணே தலையாயது. முதல் ஆறு மாதம் அது மிகச் சிறிதாகவே இருக்கும். புதிதாய் ஊன்றிய தென்னையை நாள்தோறும் பிடுங்கி வேரைப் பார்ப்பார் இல்லை.

1995ஆம் ஆண்டு சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் மான்செஸ்டரில் வகுத்த ஏழு நெறிகளுள் ஐந்தாவது, கல்வி, பயிற்சி, தகவல் என்பது. கூட்டுறவின் இயல்பையும் பயனையும் பொதுமக்களுக்கு அறிவித்தல் அதன் ஒரு கூறு. ஆறாவது, சங்கங்கள் ஒன்றுக்கொன்று உதவுதல். நெகமத்துச் சேலையை விரும்புவோர் பவானி ஜமக்காளத்தையும் விரும்பக்கூடும். ஈரோட்டு மஞ்சளை வாங்கும் வீட்டில் சென்னிமலைப் போர்வைக்கும் இடம் உண்டு. ஒரு சங்கத்தின் பக்கம் மற்றொரு சங்கத்தின் பொருளை மாதம் ஒருமுறை தன் பார்வையாளர்க்கு அறிமுகம் செய்யுமாயின், இரு சங்கங்களும் செலவின்றி வளரும். தனி வியாபாரிக்குப் போட்டியாளனாய்த் தோன்றுபவன் நமக்குத் துணைவன். இவ்வசதி நம் இயக்கத்திற்கே உரியது; இதனை நாம் இன்னும் சரிவரப் பயன்படுத்தவில்லை.

அங்கத்தினர் மன்றத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் பக்கம் யாருடைய எண்ணில் பதிவாகியுள்ளது? அவர் நாளை விலகினால் என்ன ஆகும்?

2. நம் தொழிலில் வெளியார் இதுவரை காணாத வேலை எது? அதைக் காட்டவல்ல அங்கத்தினர் யார்?

3. சென்ற மூன்று மாதங்களில் பக்கத்தில் வந்த கேள்விகளுள் விடையின்றி நிற்பவை எத்தனை?

4. நம்மிடம் வாங்கியோரின் பதிவேடு இருக்கிறதா? இல்லையேல் எந்த நாள் முதல் தொடங்குவோம்?

5. அண்மையிலுள்ள எந்தச் சங்கத்தோடு ஒருவரையொருவர் அறிமுகம் செய்யும் உடன்பாடு செய்துகொள்ளலாம்?

இவ்வைந்து வினாக்களையும் அடுத்த மாதக் கூட்டத்தில் ஆராய்ந்து, கண்ட முடிவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுமாறு சங்கங்களை வேண்டுகிறேன்.